தார்ப்பாய்க்குள் ஒரு படகு

கடற்கரை நகரங்களிலும் பெரிய ஏரிகளை ஒட்டிய ஊர்களிலும், பழைய வீட்டு வளாகங்களில் தார்ப்பாய் போர்த்திய நீண்ட உருவம் ஒன்று கிடப்பதைச் சில வேளைகளில் காணலாம். தார்ப்பாயை விலக்கினால் உள்ளே ஒரு படகு இருக்கும். முழுமையான படகன்று. பாய்மரம் இராது, சுக்கான் இராது, மேல்தளம் பாதி மூடியும் பாதி திறந்தும் கிடக்கும். பந்தயத்தில் ஓட்டுவதற்கென்று ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் ஆசையுடன் தொடங்கிய வேலை அது. பிறகு பணியிட மாற்றம் வந்திருக்கும். அல்லது பிள்ளைகளின் கல்விச் செலவு, உடல்நலக் குறைவு, சில வேளை மரணம். ஆண்டுகள் செல்லச் செல்ல அக்குடும்பத்தார் அதனைத் தூக்கி எறிய மனமின்றியும் முடிக்க வழியின்றியும் தோட்டத்தில் ஒரு மூலையை அதற்கே விட்டுவிடுகின்றனர்.

இத்தகைய படகை மகனோ மகளோ, விலை கொடுத்து வாங்கிய புதியவரோ மீண்டும் கையில் எடுக்கும்போது எழும் கேள்வி ஒன்றுதான்: இதை முடிக்கலாமா? பாதியில் நின்ற வீடு, பாதியில் நின்ற தொழில் ஆகியவற்றை உடையவர்களுக்கும் இக்கேள்வி புதிதன்று. ஆயினும் படகுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பாதி கட்டிய வீட்டில் ஓர் அறையிலாவது குடியிருக்கலாம். பாதி கட்டிய படகில் கடலுக்குச் செல்ல இயலாது. சென்றவர் ஒருவர் உண்டு. அவரைப் பற்றிப் பின்னர் காண்போம்.

பந்தயப் படகை வீட்டிலேயே கட்டுவதா என்று வியப்போர் இருக்கக்கூடும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீரைத் தாங்கும் பசை கொண்ட ஒட்டுப்பலகை எளிதாகக் கிடைக்கத் தொடங்கியதும், நடுத்தர வருவாயினரும் கட்டக்கூடிய வகையில் படகுகளை வடிவமைக்கும் வழக்கம் இங்கிலாந்தில் பரவியது. டெய்லி மிரர் நாளிதழின் ஆதரவில் உருவான மிரர் எனும் சிறுபடகின் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின்மேல் கண்ணாடியிழை நாடாவும் பிசினும் ஒட்டினால் போதும். உலகெங்கும் 70,000-க்கும் மேற்பட்ட மிரர் படகுகள் உருவாயின. பீட்டர் மில்ன் 1962-இல் வடிவமைத்த ஃபயர்பால் இன்னும் வேகமானது. தட்டையான பலகைகளால் ஆனது. வீட்டுத் தச்சரையும் மனத்திற்கொண்டு வரையப்பட்டது. 1982-ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டுப் போட்டியின் பாய்மரப் பந்தயங்கள் பம்பாயில் நடைபெற்றபோது, அந்த ஃபயர்பால் பிரிவில்தான் ஃபரோக் தாராப்பூரும் ஜரீர் கரஞ்சியாவும் இந்தியாவுக்குத் தங்கம் வென்றனர். எனவே தார்ப்பாய்க்குள் கிடப்பதை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிட இயலாது.

முடிக்கலாமா என்பதற்கு விடை காண, முதலில் பணப்பையைத் திறத்தல் ஆகாது; குத்தூசியைத்தான் எடுக்க வேண்டும். நம் படகுத் தச்சர்கள் ஏரா என்று வழங்கும் அடிமரம், விலா எலும்புபோல் வளைந்த வங்குகள், பலகைகள் ஒன்றோடொன்று சேரும் மூலைகள், மழைநீர் தேங்கியிருக்கக்கூடிய உட்பள்ளங்கள் ஆகியவற்றைக் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி எளிதில் இறங்கும் இடத்தில் மரம் உளுத்திருக்கிறது. சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். உப்புநீரில் கிடந்து கெட்ட மரத்தைக் காட்டிலும் மழைநீர் தேங்கிக் கெட்ட மரமே மிகுதி என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கலாம். உப்புநீர் மரத்தை உளுக்கும் பூஞ்சையை ஓரளவு தடுக்கிறது. மழைநீருக்கு அந்தக் குணம் இல்லை. காற்றுப் புகாதபடி இறுகக் கட்டிய தார்ப்பாய், அன்பினால் செய்த காரியமாயினும், படகுக்குத் தீங்கே செய்திருக்கும்.

ஒட்டுப்பலகையில் இன்னொரு சோதனை உண்டு. முதலில் கட்டியவர் எந்தத் தரப் பலகையை வாங்கினார் என்பது தெரிந்தாக வேண்டும். நம் நாட்டில் கடல்சார் பயன்பாட்டுக்கான ஒட்டுப்பலகைக்கு ஐ.எஸ். 710 என்னும் தரக் குறியீடு உண்டு. அத்தரத்துக்குரிய பலகைத் துண்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்த பின்னும் அடுக்குகள் பிரியாமல் நிற்க வேண்டும். குறியீடு அழிந்துபோயிருந்தால், படகில் வெட்டி எஞ்சிய துண்டு ஏதேனும் கொட்டகையில் கிடக்கும். அதனை அடுப்பிலேற்றிப் பார்த்துவிடலாம். மூன்று நாள் எரிபொருள் செலவு மூன்றாண்டு உழைப்பைக் காக்கும்.

பிசின்களும் காலத்துக்குக் கட்டுப்பட்டவை. டின்னில் எஞ்சியிருக்கும் பாலியெஸ்டர் பிசினின் ஆயுள் மாதக் கணக்கில்தான். முன்னவர் வாங்கி வைத்த சரக்கு என்று எண்ணி அதைப் பயன்படுத்துவோர் இறுகாத பிசுபிசுப்பைத் துடைத்தே களைத்துப்போவர். பழைய பூச்சின்மேல் புதிய பூச்சு தானாக ஒன்றுவதுமில்லை. தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பின்னரே பிடிப்புண்டாகும். முன்னவர் நிறுத்திய இடத்திலிருந்து அப்படியே தொடரலாம் என்னும் எண்ணம் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. முடிப்பவர் செய்யும் முதல் வேலை, கட்டுவதன்று. முன்னவர் செய்ததில் ஒரு பகுதியைப் பிரிப்பதே.

பந்தயப் படகாயின் அளவும் பார்க்க வேண்டும். ஃபயர்பாலின் நீளம் 4.93 மீட்டர், அதன் உடற்பகுதியின் எடை 79.4 கிலோகிராமுக்குக் குறையலாகாது. குறைவதற்கு நம் தோட்டத்துப் படகில் வாய்ப்பில்லை; கூடியிருக்கவே வாய்ப்பு. ஆண்டுக்கணக்காக ஈரம் குடித்த பலகையும், பிழை மறைக்கத் தடிமனாகப் பூசிய பிசினும் சில கிலோகிராம்களைச் சேர்த்திருக்கும். அடிமரத்தின் மேல் நடுவே நூல் பிடித்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் கொண்டு இருபுறமும் அளந்தால், ஆதரவின்றி ஒரு பக்கம் சாய்ந்து கிடந்த கூடு முறுக்கிக்கொண்டதா என்பது தெரிந்துவிடும். முறுக்கிய கூட்டைப் பந்தயப் பிரிவின் அளவையர் ஏற்கமாட்டார். மாலை நேரத்தில் ஏரியில் மிதக்கவிட அது போதும். போட்டியில் இறங்கப் போதாது. இவ்விரண்டில் எது நம் விருப்பம் என்பதை இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துக்கொள்வது பின்னாளில் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

இனிப் பணம். கூடு முடிந்தால் வேலையில் மூன்றில் ஒரு பங்கு முடிந்தது என்று அனுபவமுள்ள படகுக் கட்டுநர்கள் கணக்கிடுவர். பார்ப்பவர் கண்ணுக்கோ கூடுதான் படகு. பாய்மரம், அதனைத் தாங்கும் எஃகுக் கம்பிகள், பாய்கள், கயிறுகள், கப்பிகள், சுக்கான் ஆகிய எல்லாம் இனிமேல்தான் வர வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றைக் கொட்டகையில் செய்துகொள்ள முடியாது. பாதிப் படகு கடனுக்கு ஈடாகவும் பெரிதாக உதவாது. அதனை மதிப்பிட்டு விற்பது எவருக்கும் கடினம். ஆகவே இத்தகைய வேலைக்குப் பணம் வேண்டுவோர் பெரும்பாலும் வேறேதேனும் ஒன்றை, சில வேளை குடியிருக்கும் வீட்டையே, ஈடு வைக்க நேர்கிறது. நாம் இக்கட்டுரையில் சற்று நின்று பேச விரும்புவது இதைப் பற்றித்தான். இதற்குப் பாடமாக, 1968-ஆம் ஆண்டின் ஒரே பந்தயத்தில் கலந்துகொண்ட இரு படகுகளின் வரலாறு உள்ளது. அவற்றுள் ஒன்று நம் பம்பாயில் பிறந்தது.

பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தில் அலுவலராக இருந்த ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டனும் அவருடைய நண்பர்களும், 1960-களின் தொடக்கத்தில், பம்பாயில் சொந்தமாக ஒரு படகு கட்டுவிக்க எண்ணி இங்கிலாந்துக்கு வரைபடம் கேட்டு எழுதினர். வந்து சேர்ந்தது அவர்கள் விரும்பிய நவீன வடிவமன்று. அமெரிக்கரான வில்லியம் அட்கின், நார்வே நாட்டு மீட்புப் படகுகளைப் பின்பற்றி வரைந்த எரிக் என்னும் பழைய வடிவம். இரு முனையும் கூராக, கனமாக, மெதுவாகச் செல்வது. மாற்று வரைபடத்துக்குக் காத்திராமல் அதையே கட்டினர். பம்பாய்த் தச்சர்கள் வாய்ச்சியும், கயிற்றால் சுழற்றும் துளைக்கருவியும், கைவாளும் கொண்டு தேக்கில் அதை உருவாக்கினர். அந்நகரின் தேக்கு வேலைக்கு நெடிய மரபு உண்டு. 1817-இல் வாடியா குடும்பத்தார் பம்பாயில் கட்டிய திருக்கோணமலை என்னும் பெயருடைய போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது.

ஏறத்தாழ 32 அடி நீளமுள்ள அந்தப் படகு 1964 டிசம்பரில், முன்பக்கத்தில் தேங்காய் உடைத்து, நீரில் இறக்கப்பட்டது. வளைகுடாப் பகுதி மாலுமிகள் தென்கிழக்குக் காற்றுக்கு வழங்கும் பெயரான சுஹைலி என்பதே அதற்கும் பெயராயிற்று. தொடக்கத்தில் உடனிருந்த கூட்டாளிகள் விலகினர். நாக்ஸ்-ஜான்ஸ்டன் தம்பியையும் ஒரு நண்பரையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டார். தென்னாப்பிரிக்காவை அடைந்தபோது கையிருப்புத் தீர்ந்தது. அங்கேயே தங்கி வேலை பார்த்துச் சம்பாதித்த பின்னரே மூவரும் இங்கிலாந்துக்குப் பயணத்தைத் தொடர்ந்தனர். அவசரப்படாமல் நின்று, பொருளீட்டி, மீண்டும் தொடங்கிய அந்த இடைவேளை எங்கும் பெரிதாகப் பேசப்படுவதில்லை. நமக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

1968-இல், எங்கும் நில்லாமல் தனியொருவராக உலகைச் சுற்றிவரும் கோல்டன் குளோப் பந்தயம் அறிவிக்கப்பட்டது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் இதற்கெனப் பெரிய எஃகுப் படகு ஒன்றைக் கட்ட விரும்பினார். சுஹைலியை விற்க முயன்றார், வாங்குவார் இல்லை. நிறுவனங்கள் பலவற்றுக்கு எழுதினார், உதவுவார் இல்லை. கடைசியில், கையில் இருந்த, தாமே அங்குலம் அங்குலமாக அறிந்த மெதுவான படகிலேயே ஜூன் 14 அன்று ஃபால்மத் துறையிலிருந்து புறப்பட்டார்.

அதே பந்தயத்தில் பெயர் கொடுத்த மற்றொருவர் டொனால்ட் குரோஹர்ஸ்ட். மின்னணுப் பொறியாளர், சிறு நிறுவனம் ஒன்றின் உரிமையாளர், நான்கு பிள்ளைகளின் தந்தை. வேகமாகச் செல்லும் மூன்றுகூட்டுப் படகு ஒன்றை அவருக்கெனக் கட்ட ஒரு முதலீட்டாளர் பணம் தந்தார். ஆனால் முயற்சி தோல்வியுற்றால் படகின் விலையைக் குரோஹர்ஸ்டின் நிறுவனமே ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. தொழிலும் வீடும் ஈடாகின. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கணமே, முடிக்காமல் விட்டுவிடும் உரிமையை அவர் இழந்தார். ஒப்பந்தத்தில் வட்டி எவ்வளவு, தவணை எவ்வளவு என்று பார்ப்பவர்கள் பலர். இடையில் நிறுத்தினால் என்னாகும் என்று பார்ப்பவர்கள் குறைவு. எத்தகைய கடனுக்கும் அதுவே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

படகு உரிய காலத்தில் முடியவில்லை. கட்டிய இடத்திலிருந்து டின்மத் துறைக்கு மூன்று நாளில் வர வேண்டியது, பதின்மூன்று நாள் ஆயிற்று. படகு கவிழ்ந்தால் நிமிர்த்துவதற்கென்று பாய்மர உச்சியில் காற்றுப்பை ஒன்றை அமைத்திருந்தார்; அதனை இயக்க வேண்டிய கணினிக்காக அறையெங்கும் கம்பிகள் ஓடின. அக்கம்பிகளின் மறுமுனையில் கணினி இல்லை. அது செய்யப்படவே இல்லை. புறப்பட அனுமதிக்கப்பட்ட கடைசி நாளான அக்டோபர் 31 அன்று படகு கடலில் இறங்கியபோது, இன்றியமையாத உதிரிப் பாகங்கள் கரையிலேயே தங்கிவிட்டன. தென்பெருங்கடலுக்கு அப்படகு தாங்காது என்பதைச் சில வாரங்களிலேயே அவர் உணர்ந்தார். திரும்பினால் வீடு போகும். தொடர்ந்தால் உயிர் போகும். அட்லாண்டிக் பெருங்கடலிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றிவருவதாகப் பொய்யான செய்திகளை அனுப்பினார். 1969 ஜூலை 10 அன்று ஆளில்லாத படகு மட்டும் கண்டெடுக்கப்பட்டது. அவரை மோசடிக்காரர் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவது எளிது. அவருடைய வரவு செலவைப் பார்த்தவர்க்கு அத்தனை எளிதன்று. பிற்காலத்தில் கை மாறி, கேமன் பிராக் தீவின் கரையில் ஏற்றப்பட்ட அப்படகு, அங்கேயே சிதைந்து கிடந்தது.

சுஹைலியின் பயணமும் இனிதாக இருந்ததில்லை. கேப் வர்டு தீவுகளுக்குத் தெற்கே, அடிமரத்தை ஒட்டிய பலகை இடுக்கில் நீர் கசிந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் நடுக்கடலில் மூழ்கி மூழ்கி, பருத்தி இழையைத் திணித்துக் கலப்பற்றிட்டார். அது நில்லாதபோது, இழையைக் கித்தான் பட்டையில் தைத்து இடுக்கின்மேல் ஆணியடித்து, அதன்மேல் செம்புத் தகடு வைத்து மூடினார். சுறாவின் கண்ணுக்கு வெண்மையான தோல் படாதிருக்க உடை அணிந்து இறங்கினார். ஆயினும் சுறா வந்தது, அதைச் சுட நேர்ந்தது. தானியங்கிச் சுக்கான் உடைந்தது, வானொலி பழுதாயிற்று. இவ்வளவுக்கும் பின் 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் திரும்பினார். புறப்பட்ட ஒன்பது பேரில் பந்தயத்தை முடித்தவர் அவர் ஒருவரே. பரிசாகக் கிடைத்த 5,000 பவுண்டுப் பணத்தைக் குரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கு அளித்தார்.

தார்ப்பாய்க்குள் கிடக்கும் படகுக்குத் திரும்புவோம். அதனை முடிக்க முன்வருவோர், இதுவரை செலவானதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது நலம். தந்தை போட்ட பணமும் அவர் இழைத்த ஞாயிற்றுக்கிழமைகளும் போனவையே. இனி ஆகும் செலவும் அதனால் கிடைக்கும் படகும் மட்டுமே கணக்கு. அச்செலவுக்கான பணம், முழுதும் போனாலும் வீடும் பிள்ளைகளின் கல்வியும் அசையாத பணமாக இருக்க வேண்டும். தீர்ந்தால் நிறுத்தி, சேர்ந்தபின் தொடரலாம். ஆனால் நிறுத்தும் ஒவ்வொரு முறையும் திறந்த மரமுனைகளுக்குப் பூச்சிட்டு, காற்றோட்டத்துடன் மூடி, செய்ததையும் செய்ய வேண்டியதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். முன்னவர் அப்படி எழுதிவைத்திருந்தால் நமக்கு எவ்வளவு வேலை குறைந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே போதும்.

பிரித்துக் கட்டுவதற்கு அஞ்ச வேண்டுவதில்லை என்பதற்கும் சுஹைலியே சான்று. 1997-இல் அது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. ஈரப்பதம் கட்டுப்படுத்தப்பட்ட அரங்கில் தேக்குப் பலகைகள் உலர்ந்து சுருங்கின. மிதக்க வேண்டிய படகு கூரைக்கடியில் கெட்டுக்கொண்டிருந்தது. நாக்ஸ்-ஜான்ஸ்டன் 2002-இல் அதனை மீட்டெடுத்தார். பின்னர், பம்பாயில் அடித்த இரும்புப் பிணைப்புகள் துருவேறி மரத்தைக் கெடுத்திருந்ததால், அவற்றைக் களைந்து வெண்கலப் பிணைப்புகளை இடும் பொறுமையான வேலையில், எழுபது வயதைக் கடந்த அவரே கருவிகளுடன் இறங்கினார். தேக்கு பெரும்பாலும் பழுதின்றியே இருந்தது.

2018-இல் அப்பந்தயம் பழைய முறையிலேயே மீண்டும் நடத்தப்பட்டபோது, கோவாவின் படகுத் தளம் ஒன்று சுஹைலியின் வடிவிலேயே தூரியா என்னும் படகைக் கட்டியது. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி அதில் சென்றார். தென்னிந்தியப் பெருங்கடலின் புயலில் படகு உருண்டு, பாய்மரம் முறிந்து, முதுகெலும்பில் காயமுற்று மீட்கப்பட்டார். நான்கு ஆண்டுகளுக்குப் பின் தொடங்கிய அடுத்த பந்தயத்தில் வேறொரு படகில் சென்று இரண்டாம் இடம் பெற்றார்.

2018 ஜூன் 14 அன்று, முதற்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டு நிறைவில், ஃபால்மத் துறையில் படகுகளின் அணிவகுப்பு நடைபெற்றது. அதில் சுஹைலியும் சென்றது. சுக்கானில் நாக்ஸ்-ஜான்ஸ்டன்; அவர் காலடியில் பம்பாய்த் தேக்கு.